வீட்டுப் பெயர் இல்லாத வரிகள்

செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால், ஏ.சி. குளிர் முதலில் பாதத்தில்தான் ஏறும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து... தொண்ணூறுகளின் கடைசி. விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒரு சின்ன கம்பெனி. ஆரியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எனக்கு முதல் வேலை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ரேஷன் கார்டு பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். காலையில் ஓட்டிப் பார்த்தபோது இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களைச் சரிபார்க்கும் ப்ரோக்ராம் தள்ளிவிட்டது. எல்லாம் பொன்முடி எஸ்டேட் தொழிலாளர்கள், நம் தமிழ் ஆட்கள். இங்கே மலையாளிகள் வீட்டுக்கு வீடு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்; இவர்களுக்கு அந்த 'வீட்டுப் பெயர்' என்ற இடம் காலி.

"எஸ்டேட் லயத்துல வரிசையா ஒத்தை ஒத்தை அறையில இருக்கிறவங்களுக்கு வீட்டுப் பேரு எங்க இருந்து சார் வரும்?" என்றேன், சூப்பர்வைசர் ராஜன் சாரிடம்.

"அது சரியாணு. ஆனா டைம் இல்லல்லோ. அவங்கள அடுத்த லிஸ்ட்ல சேர்க்கலாம். இப்ப டெலீட் செய்யு."

அடுத்த லிஸ்ட் எப்போது என்று அவருக்கே தெரியாது.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போனார்.

விஐ எடிட்டரில் ஃபைலைத் திறந்தேன். ஒரே கமாண்டில் அத்தனை காலியிடத்திலும் எஸ்டேட் பெயரை நிரப்பிவிடலாம். அடித்தும் விட்டேன்... என்டர் தட்டும் முன் கை நின்றது. ஒரே வீட்டுப் பெயர் என்றால் எல்லாரும் ஒரே வீடு என்று ப்ரோக்ராம் எடுத்துக்கொள்ளும்; அத்தனை குடும்பத்துக்கும் ஒரே கார்டு என்றாகிவிடும்.

அழித்தேன். ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

லயம் நம்பரும் அறை நம்பரும் விண்ணப்பத் தாளில் இருந்தன. பக்கத்து சீட் ஷீபா, பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு விண்ணப்பக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ அடி. நான் வாசிச்சுத் தராம்."

மாரியம்மா, லயம் நாலு, அறை ஏழு... அடிப்பேன். எஸ்கேப். 'n' தட்டினால் கர்சர் அடுத்த காலியிடத்தில் போய் நிற்கும். மறுபடியும் அடிப்பேன். மௌஸ் கிடையாது, நிமிர நேரமும் கிடையாது. ஷீபாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஐந்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, காலியிடம் இன்னும் எத்தனை என்று தேடி எண்ணும் 'கிரெப்' கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம்.

ராஜன் சார் தானே உட்கார்ந்து ப்ரோக்ராமை ஓட்டினார். ஒரு வரியைக்கூடத் தள்ளவில்லை.

"போயி சாயா குடிச்சிட்டு வாங்க, ரெண்டு பேரும்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது எல்லா விண்ணப்பமும் போனிலேயே. போன வாரம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒன்று நிரப்பினேன். அக்காவிடம் இல்லாத ஒரு விவரத்தைக் கேட்டு, அந்தக் கட்டம் காலி என்று சிவப்பில் காட்டி நின்றுவிட்டது. அரை மணி நேரம் முட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் கேட்டுப் பார்க்கவாவது எதிரே ஒரு மனிதர் இருந்தார்...

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே ஆபீசுக்குப் போகிறேன்.