கோட்டுப் போட்ட ரதி

போன வாரம், காமன் கூத்துக்கு முந்தின நாள், பெரிய கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ கணக்கப்பிள்ளையா, இல்ல பொம்பளையா? நல்லா யோசிச்சு முடிவு பண்ணு. நாளைக்குச் சேலை கட்டுன, மறுநாளே கோட்டைக் கழட்டி வச்சிட்டு ஊருக்குக் கெளம்பு!”

நான் இலங்கையில், லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஆட்களைப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பி, நாள் முழுக்க வேலை வாங்குகிற, கோட்டுப் போட்ட உத்தியோகம். மாசி பிறந்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுபவனும் நானே. தொழிலாளியாகத் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த காலத்தில் கட்ட ஆரம்பித்தது... கோட்டு வந்த பிறகும் விடவில்லை. பெரியவர் தோட்டத்துக்குப் புதிது. உத்தியோகத்தில் இருக்கிற ஸ்டாஃப் ஆள் லயத்தில் சேலை கட்டி ஆடினால் மரியாதை போய்விடுமாம்.

யாருடைய மரியாதை?

நான் யார் என்று பிறர் முடிவு செய்வது எனக்குப் புதிதா என்ன? பதுளைக் கடைவீதிக்குப் போனால் நான் தோட்டத்தான். திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கண்டிச்சீமைக்காரன். லயத்தில் ‘ஐயா’. தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா வாசலில் வெறும் ‘ஏய்’. இத்தனை பேரும் இந்த ஒரே கோட்டுக்குள் சண்டை போடாமல் இருக்கிறார்கள். ரதிக்கு மட்டும் ஏன் இடமில்லை?

சிவன் மன்மதனை எரித்ததும் ரதி அழ வேண்டும். கூத்தில் அதுதான் என் பங்கு. என் தம்பி காய்ச்சலில் போன மறுநாள், கையில் பிரம்போடு வேலைக்கு வந்து நின்றவன் நான். கணக்கப்பிள்ளை ஆட்கள் முன்னால் அழலாமா? அழவில்லை. அந்த மாசியில் ரதியாக நின்று, அவனுக்காக வாய்விட்டு அழுதேன். புருஷனைப் பறிகொடுத்த லயத்துப் பெண்களும் என்னோடு சேர்ந்து அழுதார்கள். அதை விட்டுவிடச் சொல்கிறாரே மனுஷன்... கோபம் வராதா?

சேலை கட்டினேன்.

மறுநாள் காலை, ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்துக்குப் போனேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் முகத்தில் மஞ்சள் போகவில்லை. கண்ணில் மை அப்படியே. மேலே கோட்டு! உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் வீடும் போகும் — பிள்ளைகளோடு எங்கே போவது?

பெரியவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

“மாரியாயி!”

பதில் இல்லை.

“செல்லம்மா!”

எதிரிலேயே நிற்கிறாள். வாய் திறக்கவில்லை.

“எல்லாருக்கும் காது அடைச்சுப் போச்சா?”

மாரியாயி கூடையை இறக்கி வைத்தாள். புருஷனை இழந்தவள் அவள். “காது நல்லாத்தாங்க கேக்குது. எங்க கணக்கப்பிள்ளை கூப்பிட்டாத்தான் மலைக்குப் போவோம்.”

“அவன் மூஞ்சியப் பாத்தியா? அவனா கணக்கப்பிள்ளை?”

“கூத்துல எங்களோட சேந்து அழுதவரும் அவருதாங்க. விடிஞ்சா எங்கள வெரட்டுறவரும் அவருதான். எங்களுக்கு ஒரு கொழப்பமும் இல்லீங்க.”

துரை குதிரையில் வருகிற நேரம். ஆட்கள் இன்னும் களத்திலேயே நிற்பதைப் பார்த்தால், முதலில் கழல்வது யாருடைய கோட்டு? பெரியவருக்கு அது புரிந்துவிட்டது.

“கூப்பிட்டுத் தொலை!” என்று நகர்ந்தார்.

கூப்பிட்டேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன? ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது.

ஆளுக்கு ஒரு முகம்தான் என்று யார் சட்டம் போட்டது? கத்தி பிடித்தவன் இன்று கோட்டுப் போடுகிறான்; நாளைக்கு எனக்குள் இன்னொருவன் வரலாம். வரட்டும், அவனுக்கும் இடம் கொடுப்பேன். அடுத்தவர் வசதிக்காக என்னை வெட்டிக் குறைத்துக்கொள்ள மட்டும் மாட்டேன்.

அடுத்த மாசிக்குக் கூத்தையே நிறுத்தப் போவதாகப் பெரியவர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். மன்மதன் வேஷத்துக்கு அவரையே கேட்கலாமென்று இருக்கிறேன் — எரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா!