கதிர்காமம் லைனைப் பழசுக்கு மாற்றாத நாள்

1. முதல் சந்திப்பு

கோரிமேட்டில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம். கதிர்காமத்தில் அதன் கிளை. ரிப்போர்ட்கள் என்கிரிப்ட் ஆகி, அதாவது ரகசியக் குறியீடாக மாறித்தான் கிளைக்குப் போயின. குவாண்டம் கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாத புதுமுறைக்கு அதை மாற்றச் சொல்வதற்காக, நெட்வொர்க் பாதுகாப்பு வேலை செய்யும் நான் அங்கே போயிருந்தேன். நிலையத்தை நடத்திய டாக்டர் பர்வீன் சிரித்தார்.

"இப்ப இருக்கறதை உடைக்கிற அளவுக்கு அந்த கம்ப்யூட்டரே இன்னும் வரல சார். வரட்டும், பாத்துக்கலாம்."

"இன்னைக்கு லைன்ல போறதை எவனாவது காப்பி எடுத்து வச்சிக்கலாம் மேடம். அந்த மெஷின் வந்ததும் உக்காந்து படிப்பான். அப்ப மாத்தி என்ன பிரயோஜனம்?"

பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் அவரே போன் செய்தார்.

"நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு. எச்.ஐ.வி. ரிப்போர்ட். 'எம்புள்ளைக்கு கல்யாணம் ஆவுற வரைக்கும் யாருக்கும் தெரியாதுல்ல டாக்டரம்மா'ன்னு கேட்டுச்சு. புள்ள இன்னும் பள்ளிக்கூடமே போவல. தெரியாதும்மான்னு சொல்லிட்டேன். நான் சொன்னது நிஜமா சார்?"

"உறுதியா சொல்ல முடியாது மேடம்."

"அப்ப வேலைய ஆரம்பிங்க."

2. லைன் விழுந்தது

என் ஆபீஸில் சோதித்தபோது நன்றாக ஓடியது. நிலையத்தில் மாற்றிய காலையில் கதிர்காமம் லைன் விழுந்தது. கிளைப் பொறுப்பாளர் குமரன் போனில் கத்தினார்.

"ஒரு ரிப்போர்ட்டும் வரல சார்! ஜனங்க சண்டைக்கு வர்றாங்க. பழசுக்கே மாத்திடுங்க!"

மாற்றுவது சுலபம். கீபோர்டில் கை வைத்துவிட்டேன். பர்வீன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பழசுக்குப் போனா மறுபடி புதுசுக்கு வருவோமா?"

"சந்தேகம்தான் மேடம்."

அவர் போனை வாங்கினார். "குமரன், ஸ்கூட்டர எடுத்துட்டு வாங்க. பிரிண்ட் போட்டு, கவர்ல ஒட்டித் தர்றேன்."

குமரன் முணுமுணுத்துக்கொண்டே அலைந்தார். நான் லைனைத் துருவினேன். புதுமுறையில் இரு முனைகளும் பேச ஆரம்பிக்கும் முதல் செய்தியே பெரியது. இரண்டு பாக்கெட்டாக, அதாவது இரண்டு துண்டாகப் பிரிந்து போகும். நடுவில் வருவது போவதைச் சோதிக்கும் பழைய ஃபயர்வால் கருவி இரண்டாவதைப் போலி என்று நினைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு அப்டேட் வருவது நின்றுபோயிருந்தது. வேறொன்றை வாங்கி வந்து மாட்டினேன். சாயங்காலம் குமரன் கூப்பிட்டார்.

"வந்துடுச்சு சார், எல்லாம் வந்துடுச்சு!"

பிறகொரு நாள் ரத்தப் பரிசோதனைக்கான புது மெஷின் விற்க ஒருவர் வந்தார். பர்வீனின் முதல் கேள்வி: "இதுல என்கிரிப்ஷனை பின்னாடி மாத்த முடியுமா?"

"அதெல்லாம் யாரும் கேக்குறதில்ல மேடம்."

"நான் கேக்குறேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: குவாண்டம் கம்ப்யூட்டர் எப்போது வரும் என்று வாதாடாதீர்கள். அந்த நிறுவனம் யாருடைய ரகசியத்தை, எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்று கேளுங்கள். அது தெரிந்தவர்கள் லைன் விழுந்தாலும் பின்வாங்க மாட்டார்கள்.