குப்பைமேட்டுக் கார்த்திகை

மண்ணூர் பால்வாடி ஆயா ராஜாமணிக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் எல்லாம். பருப்பு வேகுமுன் சாம்பாரை இறக்கிவிடுவாள். படப்பையிலிருந்து கல்யாணமாகி வந்த மறுநாளே மாமியார் வீட்டுப் பரணை ஒழித்துத் துடைத்தவள். பிள்ளை இல்லை. பால்வாடிப் பிள்ளைகள்தான் அவளுக்கு உலகம் என்று ஊர் சொல்லும். சொன்னால் சண்டைக்கு வருவாள், அது உண்மை என்பதால்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கார்த்திகை நெருங்கியபோது ஏரி மண்ணைப் பிசைந்து பிள்ளைகளிடம் கொடுத்தாள். "அவங்கவங்க செஞ்ச வௌக்குதான் அவங்கவங்க வூட்டு வாசல்ல எரியும்" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். மயில் விளக்கு, யானை விளக்கு, பெயர் தெரியாத ஜந்து விளக்கு எல்லாம் உருவாயின. மாரி என்கிற வாண்டு தன் விளக்கின் விளிம்பெல்லாம் நீல வளையல் துண்டுகளைப் பதித்தாள். தூக்கத்திலும் அதைக் கேட்டு அழுததாக அவள் அம்மா சந்திரம்மாள் சொன்னாள்.

மழை விடவில்லை, மண் காயவில்லை. ராஜாமணிக்குப் பொறுக்குமா? கார்த்திகைக்கு முந்தின நாள், சோறு வடித்த கையோடு, ஈர விளக்குகளைத் தணலில் அடுக்கி வரட்டியால் மூடினாள். பட் பட்டென்று வெடித்தது. கிளறிப் பார்த்தால் ஒன்றுகூட முழுசாக இல்லை.

"ஒட்டிக் குடு ஆயா" என்றாள் மாரி.

"ஒடஞ்ச வௌக்க வூட்ல ஏத்தக் கூடாதுடி" என்று சந்திரம்மாள் மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

ராஜாமணி துண்டுகளை வாரி ஊர்க் குப்பைமேட்டில் கொட்டினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இனி அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் சாயங்காலம் மழை விட்டது. கார்த்திகைக்கு மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, குப்பைமேட்டுக்கும் ஒன்று என்று விளக்கு வைப்பது வழக்கம். குப்பைக்கு வைக்கப் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். ராஜாமணிக்கு அனுப்ப யாருமில்லை. ஓர் அகலை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து தானே போனாள்.

தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டாள்.

அடியிலிருந்து உச்சிவரை மேடு முழுக்கச் சுடர். ஒவ்வொரு ஓட்டுத் துண்டிலும் சொட்டு எண்ணெய், ஒரு கந்தல் திரி. யானையின் முதுகு ஒரு பக்கம் எரிந்தது, காது ஒரு பக்கம் எரிந்தது. நீல வளையல் மேலே எங்கோ மினுங்கியது. சாணமும் சாம்பலும் கொட்டுகிற அந்த மேடு ஒரு மலையாக எழுந்து நின்றது. அம்மாடி! ராஜாமணி கையிலிருந்த அகலைக் கீழே வைத்தாள். தன்னையறியாமல் கும்பிட்டாள்.

"ஆயா, வூட்லதான ஏத்தக் கூடாது? குப்பைல ஏத்தலாம்ல?" பால்வாடிப் பிள்ளைகள் கூட்டத்திலிருந்து மாரி ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். "என்து மட்டும் நாலு எரியுது!"

எண்ணெய்க் கிண்ணமும் கையுமாக நின்ற சந்திரம்மாள் குரல் கொடுத்தாள். "இன்னா ஆயா, பாத்துகினே நிக்கிற? வந்து திரி திரிச்சுக் குடு."

"இரு சந்திரம்மா, கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்" என்றாள் ராஜாமணி.

அவள் வாயிலிருந்து 'இரு' என்ற சொல்லை மண்ணூர் அன்றுதான் கேட்டது.