போதும் என்றால் நிற்காத புரோகிராம்

பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறி நான் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கப் போகிறேன் என்றதும், துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் வீடியோ காலில் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு வாரம் தாங்குவியா?" என்றார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு வகுப்பையும் விடாமல் போனேன்.

எங்கள் டீச்சர் திருவதிகைப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். கடைசிப் பயிற்சியை ஒழுங்காக முடித்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்னையே உதவி டீச்சராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இதுவரை நான் எந்த வேலைக்கும் போனதில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு காரியத்தை லூப்பாக எழுத வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். இதுதான் பயிற்சி. நான் விருந்தாளிக்குப் பிரியாணி பரிமாறுவதை எழுதினேன்.

டீச்சர் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். 'இன்னும் வைக்கவா?' என்று திரை கேட்டது. 'போதும்' என்று தட்டினார். 'இப்பத்தானே உக்காந்தீங்க' என்று இன்னொரு கரண்டி வைத்தது. 'வேணாம்' என்று தட்டினார். 'வெக்கப்படாதீங்க' என்று மறுபடி வைத்தது. 'வயிறு ரொம்பிடுச்சு' என்றதற்கு ஒரு கறித்துண்டும் சேர்த்து வைத்தது.

"அக்கா, இது எப்பதான் நிக்கும்?"

"வந்தவங்க போதும்னு சொன்னா நீங்க நிறுத்திடுவீங்களா டீச்சர்?"

"வீட்ல நிறுத்த மாட்டேன். கம்ப்யூட்டர்ல நிறுத்தணும்." புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடினார். "இப்படியே விட்டீங்கன்னா வேல கெடையாது. திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போதும் என்ற உடனே கரண்டியைக் கீழே வைக்க மனசு வரவில்லை. புரோகிராமாகவே இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. அப்படியானால் நான் எப்போதுதான் நிறுத்துகிறேன்? சத்தியமாகத் தெரியவில்லை. கை தன் பாட்டுக்குச் செய்கிற வேலை அது. சரி, ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை மதியம் டீச்சரையே சாப்பிடக் கூப்பிட்டேன்.

பாவம், நம்பி வந்தார். போதும் என்றார், வைத்தேன். வேணாம் என்றார், வைத்தேன். கடைசியில் இரண்டு கைகளையும் விரித்துத் தட்டை மூடி, ஏறக்குறைய அதன்மேலேயே படுத்துக்கொண்டார். என் கரண்டி அந்தரத்தில் தானாக நின்றது.

"கெடச்சிடுச்சு டீச்சர். அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுக்க ஓடினேன்.

திங்கட்கிழமை டீச்சர் 'போதும்' என்று தட்டினார், பிரியாணி வந்தது. 'வேணாம்' என்றார், அதற்கும் வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'கை' என்று தட்டினார். 'சரி, அல்வா எடுத்துட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு புரோகிராம் சமர்த்தாக நின்றது.

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம வந்துடுங்க அக்கா. ஆனா சாப்பாடு மட்டும் எடுத்துட்டு வராதீங்க."

வாயால்தான் வேண்டாம் என்றார். கையை வைத்து மறைக்கவில்லை. ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன்.