வெந்துபோன வில்லை

கல்பாத்தி வெங்கிடாசலம் சாந்தமான ஆள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்நேரமும் மூக்கு நுனியில் கோபம். அதில் பாதி நியாயமான கோபம்.

சென்னையில் ஒரு ரசாயனக் கூடத்தில் உத்தியோகம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை எதனால் வெளுத்துப் புரையாகிறது என்ற கேள்வியை உடும்பாகப் பிடித்துக்கொண்டார். வில்லையில் மூன்றிலொரு பங்கு புரதம். தெளிந்த வில்லையின் புரதம் தண்ணீரில் கரைகிறது. புரை விழுந்ததில் கரையாமல் அடியில் தங்குகிறது. ஆட்டுக்கண்களை அறுத்தறுத்து இதைக் கண்டார். "ஆட்டை வைத்து மனுஷனுக்குச் சொல்லாதே" என்று மேலதிகாரி காகிதங்களைத் தூக்கியெறிந்தான். வேலையை உதறிவிட்டு கல்பாத்திக்கே வந்து, வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் மேஜை போட்டார்.

அறுத்தெடுத்த மனுஷப் புரை ஆஸ்பத்திரிகளில் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தெளிந்த மனுஷ வில்லைக்கு எங்கே போவது?

1931இல் சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரியமுத்து என்ற இளந்தாரி, மரம் சாய்ந்து செத்துப்போனான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புரை வாங்கப் போயிருந்த வெங்கிடாசலம், அவன் கண்வில்லைகளைத் தரமுடியுமா என்று மனைவி சுருளியம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்காத்தாளுக்கு ரெண்டு கண்ணும் வெளுத்துக் கெடக்கு. எதனாலன்னு சொல்லிப்புடுவீகளா சாமி?"

"சொல்லிட்டுத்தான் மறுவேலை."

"அப்ப எடுத்துக்கிடுங்க. ஆனா வந்து சொல்லணும்."

டாக்டர் வில்லைகளை எடுத்துக் கொடுத்தார். குளிர்ந்த உப்புநீர் நிரப்பிய தெர்மாஸ் குடுவையை மடியில் வைத்தபடியே மலையிறங்கி, ரயிலேறி வந்தார்.

பிணத்தைத் தொட்டவன் ஆற்றில் முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. அக்ரகாரத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. குடுவையைக் கொல்லைப்படியில் வைத்துவிட்டு முழுகப் போனார்.

ஈரவேட்டியோடு திரும்பினால் அக்கா வாலாம்பாள் சிரித்த முகமாக நிற்கிறாள்.

"இனிமே நீ கொட்டகைல கிடக்க வேண்டாம்டா வெங்கிடு. மேஜையை ஆத்துக்குள்ளயே போட்டுக்கோ. செத்தவாளோட தோஷம் போகட்டும்னு குடுவைக்குள்ள மஞ்சப்பொடி போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு மூடிட்டேன்."

குளிரைக் காத்த குடுவை சூட்டையும் காத்திருந்தது. திறந்தால் மஞ்சளப்பிய இரண்டு வெள்ளைக் கட்டிகள்.

"வேக வெச்சுட்டியே அக்கா! முட்டையை அவிக்கறாப்ல அவிச்சுட்டியே!"

"ராம ராம! முட்டைன்னெல்லாம் இந்தாத்துல பேசாதே!"

அவர் போட்ட கூச்சலில் தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. அக்காவைத் திட்டினார், தெருவைத் திட்டினார். நாக்கு வறண்ட பிறகுதான் உறைத்தது: குடுவையை விட்டுவிட்டு முழுகப் போனது யார்? தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

வாக்குக் கொடுத்தாயிற்றே. மலையேறிப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சுருளியம்மாள் கொழுந்துக்கூடையைத் தரையில் அடித்தாள்.

"எம்புருசன் கண்ண வேக வச்சுப்புட்டு வந்து நிக்கீரா? அவரத் தொட்ட தீட்டுக்கா குளிக்கப் போனீரு? வழியெல்லாம் மடியில வச்சிருந்தப்ப ஒட்டலையோ அந்தத் தீட்டு?"

வெங்கிடாசலம் குனிந்து, சிதறிய கொழுந்தைக் கூடையில் அள்ளிப் போட்டார்.

"இன்னொரு கண்ணு கெடச்சா இங்கனயே அறுத்துப் பாரும். ஒம்ம வீட்டுக்குக் கொண்டு போவாதீரு."

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மேஜையைப் போட்டார். அக்கா எவ்வளவோ சொல்லியனுப்பியும் மலையை விட்டு இறங்கவில்லை. இன்னொரு தெளிந்த வில்லை கிடைக்க நாலு வருஷமானது. ஆட்டில் கண்டதேதான் மனுஷனிலும். பார்த்து முடித்த கையோடு, குளிக்காமல், சுருளியம்மாள் குடியிருந்த லயத்துக் கூலிவீட்டு வாசலில் போய் நின்றார்.

"கரையற சத்து ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியாப் போறது. அதான் கண்ணு வெளுக்கறது."

"ஏன் ஒட்டுது?"

"அது இன்னும் தெரியலை."

"அரைப் பதிலுக்கா எம்புருசன் கண்ணு போச்சு? மிச்சத்தையும் பாத்துட்டு வாரும்."

கதவைப் படாரென்று சாத்தினாள். வெங்கிடாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார்.