மில்லிவோல்ட்டும் என் அண்ணனும்

தெருவில் என் கணவருக்கு மில்லிவோல்ட் என்று பெயர். வைத்தது எதிர்வீட்டு ஆசிரியை. கைக்கடிகார பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, இது நல்லா இருக்கா என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். இருக்கு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. இவர், "ஆயிரத்து ஐந்நூத்து நாப்பத்தெட்டு மில்லிவோல்ட். அதுவும் மீட்டர் சொல்றது, நான் சொல்லலை" என்றாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

இருபத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் அறையில் இருந்தவர். மற்றவர்கள் எதை நம்பி அளக்கிறார்களோ, அதையே நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சரியாக இருந்த கருவிக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். பொட்டு இல்லாததை யாரும் தொடக்கூடாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பொங்கிவிட்டது என்று நான் சொன்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

தொழிற்சாலை மூடிய பிறகு, முன்னறையில் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். விசைப்பலகைக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்குமே, டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டு விளையாட்டு ஏற்றுவார்களே, அந்த ரகம். பரணில் முப்பது வருஷம் தூங்கியதை எடுத்து வருவார்கள். வந்தவர்களிடம் இவர் கேட்கும் முதல் கேள்வி, "சுவிட்ச் போட்டுப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றால் முகம் கறுத்துவிடும். பழைய அடாப்டர் உள்ளே கெட்டிருந்தால் அதிக மின்சாரத்தைத் தள்ளி சிப்புகளைச் சுட்டுவிடுமாம். அதனால் அடாப்டரைத் தனியாக ஒரு பல்பில் மாட்டி, ஒரு மணி நேரம் சூடேற்றி, இரண்டு மீட்டரில் அளந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கமே போவார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் போடவே மாட்டார், அளந்துகொண்டே இருப்பார்.

ஆசிலாஸ்கோப் வாங்கின கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மின்சாரம் ஓடுவதை அலையாகத் திரையில் காட்டும் பெட்டி அது. பழைய கருவிக் கடைக்கு நான்கு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் போட்டுவிட்டு, சூடாகட்டும் என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கடைசியில் கடைக்காரர், "சார், வாங்கப் போறீங்களா, இல்ல இங்கயே குடி வரப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். பளபளவென்று கலர் திரையோடு ஒன்று இருந்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கைப்பிடி உடைந்த ஒரு கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோடு அதில்தான் ஆடாமல் நின்றதாம். மீட்டர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடமும் இதே பாட்டுதான்: "எத்தனை இலக்கம் காட்டுதுன்னு பாக்காதீங்க. இலக்கம் கூடினா உண்மை கூடாது. வயரைப் பாருங்க, முனையைப் பாருங்க."

என் அண்ணன் இவரோடு சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. டிவி மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயதிலும் கை நடுங்காது. இவர் அளந்து எது கெட்டது என்று சொல்வார், அண்ணன் கழற்றி மாற்றுவான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில் வேலை செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதைக் கெடுத்தது லேண்ட்லைனில் வந்த ஒரு பல் டாக்டரின் போன். பத்தொன்பது பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மனிதர். இங்கே சரி செய்து வாங்கிப்போன ஒன்றில் சத்தம் முன்பு மாதிரி இல்லையாம். "சவுண்டு சிப்பை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அந்த சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. நல்லதாக ஒன்று கிடைத்தால் கொத்திக்கொண்டு போக ஆள் இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். நல்லதை எடுத்துவிட்டு நோஞ்சானைச் சொருகினால் யாருக்கும் தெரியாது.

இவர் போனை வைத்துவிட்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார், "உங்கண்ணன் ஏன் போன் வந்தா வாசலுக்குப் போய்ப் பேசறாரு?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அவர் சும்மா கேட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த கோபத்தில், என் பிறந்த வீட்டில் யாரும் அடுத்தவர் பொருளில் கை வைத்ததில்லை என்று கத்திவிட்டேன். சொல்லி முடித்ததும், அண்ணன் ஏன் வாசலுக்குப் போகிறான் என்று நானும் யோசித்தேன். நெருப்பில்லாமல் புகையுமா என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அதற்குப் பிறகு வந்த மூன்று கம்ப்யூட்டர்களிலும், அண்ணன் வருவதற்கு முன்பே இவர் சவுண்டு சிப்பைக் கழற்றி, அதன் வயிற்றில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்துத் திரும்பச் சொருகினார். தொழிற்சாலைப் பெயின்ட் காய்ந்து கட்டியாகிவிட்டதால் மார்க்கர் பேனாவால் வைத்தார். அண்ணன் வேலையை முடித்துக் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். முதலாவதில் பொட்டு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை என்னைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று கறுப்பாக இருந்தது.

"இப்ப என்ன சொல்றே?" என்றார்.

அன்று மத்தியானம் அண்ணன் கை கழுவப் போன நேரத்தில், நாற்காலியில் தொங்கிய அவன் பையை எடுத்தேன். ஜிப்பைத் திறந்து கையை விட்டுத் துழாவினேன். டிபன் டப்பா, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, கண்ணாடிக் கூடு, மடித்த கைக்குட்டை. டப்பாவையும் திறந்து பார்த்தேன். கைக்குட்டையைக்கூடப் பிரித்தேன். நிமிர்ந்தால் அண்ணன் துண்டால் கை துடைத்தபடி நிற்கிறான்.

எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"கண்ணாடிக் கூடு உள்ளதான் இருக்கு. அப்படியே எடுத்துக் குடும்மா" என்றான். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் இவர் மூன்று சிப்புகளையும் மேஜையில் வரிசையாக வைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டார். "மச்சான், இதுல நான் பொட்டு வச்சிருந்தேன். மூணுலயும் காணோம்."

அண்ணன் சிப்புகளைப் பார்த்தான். "எதால வச்சீங்க மாப்ள?"

"மார்க்கர் பேனா."

"நான் எந்த சிப்பையும் கழட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைக்காம திருப்பிச் சொருகறதே இல்லையே. கால்ல கறுப்பு இருந்தா தொடர்பு நிக்காது. வயித்தையும் சேத்துத்தான் துடைப்பேன். மை எங்க நிக்கும்?"

வாய்ச்சொல்லை நம்பும் ஆளா இவர். கெட்டுப்போன ஒரு சிப்பை எடுத்துப் பொட்டு வைத்தார், அது காயும்வரை காத்திருந்தார், பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒரு இழு இழுத்தார். போய்விட்டது. இன்னொன்றில் வைத்தார். அதுவும் போய்விட்டது. ஸ்பிரிட் பாட்டில் மூன்று வருஷமாக அந்த மேஜையில்தான் இருக்கிறது. மார்க்கர் மையை அது தின்னும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"அப்ப டாக்டர் சொன்ன சத்தம்?" என்றார், விடாமல்.

"பழைய கண்டன்சரெல்லாம் ஒழுகிக் கிடந்துச்சு. புதுசு போட்டேன். முப்பது வருஷம் மூக்கடைச்ச குரலையே கேட்டவருக்கு, மூக்கு திறந்தா வேற ஆள் மாதிரிதான் இருக்கும்."

போன் வந்தால் ஏன் வாசலுக்குப் போகிறீர்கள் என்றும் கேட்டுவிட்டார். ஸ்கோப்பில் வெளி இரைச்சல் கலக்கக்கூடாது என்று முன்னறைச் சுவர் முழுக்க இவர் கம்பி வலை அடித்த பிறகு, உள்ளே செல்போனில் மணி அடித்தாலும் யாருக்குமே பேச்சு கேட்பதில்லை. அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "தப்பு என்னோடது மச்சான். மன்னிச்சிடுங்க" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அவர் சொல்லாத வார்த்தை அது.

"விடுங்க மாப்ள. சந்தேகப்படறது உங்க தொழில். எனக்கு அதுல வருத்தமே இல்லை" என்றான் அண்ணன். இருவரும் டீ குடித்தார்கள். மறுநாள் வேறொரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, எது கெட்டது என்று பழையபடி வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குள் அது தீர்ந்துவிட்டது.

நானும் மன்னிப்புக் கேட்டேன். டீ டம்ளர் வாங்க அண்ணன் வந்தபோது, "அண்ணே, புத்தி கெட்டுப்போய்ப் பையைத் திறந்துட்டேன்" என்றேன். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு டம்ளரோடு போய்விட்டான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அளந்து பார்ப்பது அவர் தொழில். எனக்கு அப்படி என்ன தொழில்?

இப்போதெல்லாம் வேலை முடிந்து கிளம்பும்போது அண்ணன் சமையலறை வாசலில் வந்து நிற்கிறான். பையின் ஜிப்பைத் திறந்து என் பக்கமாக நீட்டுகிறான். முகத்தில் கோபம் இல்லை. வேண்டாம் அண்ணே என்று முதல் நாள் அழுதேன்.

"இருக்கட்டும்மா. ஒரு தடவை பாத்துக்க" என்றான்.

இன்றைக்கும் நீட்டினான். நான் பார்க்கும்வரை அவன் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அதனால் பார்க்கிறேன்.