இயற்கை எய்தினார் என்று போட்டிருந்தது

ராஜபாளையம் பஸ் நிலையத்துச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எழுபத்திரண்டு வயதில் வாசிக்கக் கற்றவனுக்குச் சுவரெல்லாம் பலகாரம். பஸ் வரும்வரை சந்தோஷமாக எழுத்துக்கூட்டினேன். பொ, ன், னு. பொன்னுச்சாமி. முன்னாள் ராணுவம். வன்னியம்பட்டி. படத்தில் சீருடையோடு யாரோ ஒரு இளைஞன். கடைசி வரி, “இயற்கை எய்தினார்.” அதைக் கூட்டி முடித்த பிறகுதான் அந்த இளைஞன் யார் என்று புரிந்தது. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அவரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத ஒன்பது நாள் ஆயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் எங்களுக்கு அடுத்தடுத்த கட்டில். நான் பஞ்சாலையில் பேல் மூட்டை தூக்கி முதுகு போனவன். அவருக்கு முழங்கால். இருவருக்கும் டாக்டர் பத்து நாளைக்கு எழுதிய வலி மாத்திரையைக் கடைக்காரர்கள் சீட்டே கேட்காமல் வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். ஒரு வேளை விட்டால் உடம்பு உதறும், மூக்கு ஒழுகும், வயிறு கலங்கும். வார்டில் மற்றவர்கள் எல்லோரும் குடிக்காக வந்தவர்கள்.

“ஏலே பட்டாளம், கேண்டீன் சரக்க விட்டுட்டு மாத்திரையிலயா விழுந்தே?” என்றான் ஒருவன்.

“பாட்டில் கனம்லே. எனக்கு முட்டு தாங்காது” என்றார் பொன்னுச்சாமி.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கவரில் போட்டுத் தருவார்கள். ஒரு காலையில் நான் ராத்திரிக் கவரைப் பிரித்தேன்.

“அண்ணாச்சி, என்னத்த முழுங்கப் போறீக? இரவுன்னு எழுதியிருக்குல்லா!”

“எழுதியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியணுமே.”

அவர் சிரிக்கவில்லை. பேனா வாங்கி, இரண்டு காலிக் கவரில் ‘காலை’, ‘இரவு’ என்று பெரிதாக எழுதினார். என் பள்ளிக்கூடம் அன்று தொடங்கியது.

வார்டு வாசல் பலகையில் என்ன இருக்கிறது என்று முன்பே கேட்டிருந்தேன். “முதுகுவலிக்காரங்க இங்க படுக்கவும்னு போட்டிருக்கு” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் நானே கூட்டினேன். போதை நோய் சிகிச்சைப் பிரிவு.

“வாசிச்சிட்டீகளா?” கைதட்டிச் சிரித்தார். “இனிமே ஒரு பய உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது.”

மாதந்தோறும் வரச் சொன்னார்கள். பொன்னுச்சாமி இரண்டு மாதம் வந்தார். பிறகு போன் வந்தது.

“மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாப்பிள்ள பாத்திருக்கு, அண்ணாச்சி. அவிய வீடு ஆஸ்பத்திரிப் பக்கந்தான். என்னைய அந்த வாசல்ல கண்டா கல்யாணம் நின்னுரும்னு மச்சினன் விடமாட்டேங்கான்.”

“முட்டுவலி?”

“வலின்னா உச்சு கொட்டுதாவ. சிகிச்சைன்னா மூஞ்சியத் திருப்புதாவ.”

கல்யாணம் முடியட்டும், பிறகு வாருங்கள் என்றேன். நானும் அப்படித்தான் சொன்னேன்.

போஸ்டரைப் பார்த்த அன்றே துஷ்டி கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். “மாரடைப்பு. மதியம் சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல” என்றார் மச்சினன். ஜன்னல் கட்டையில் பாதி பிரித்த மாத்திரை அட்டை கிடந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எழுத்து தேவைப்படவில்லை.

“நீங்க வாங்கிக் குடுத்ததா?”

“வலி தாங்கலன்னாரு. முன்ன சாப்பிட்ட அளவுதான சாப்பிட்டாரு?”

நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு நின்றுபோகும் என்று டாக்டர் எங்களிடம் படித்துப் படித்துச் சொன்னார். அதைக் கேட்க மச்சினன் ஒரு நாளாவது வார்டுக்குள் வந்திருக்க வேண்டும். அவர் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போகிறவர். கல்யாணம் நிற்கவில்லையாம். தேதியை மட்டும் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

முழங்கால் வலி இயற்கை. மற்றது எதுவும் இயற்கை இல்லை. நான் என் கண்ணால் வாசித்த முதல் பொய் அந்த போஸ்டரில்தான் இருந்தது.

‘காலை’, ‘இரவு’ என்று அவர் எழுதிய இரண்டு கவரும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். உள்ளே நுழையுமுன் அந்தப் பலகையைச் சத்தமாக வாசிக்கிறேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.